திரட்டுவோரும் திருடுவோரும்

(பகுத்தறிவு வாசகசாலைத் தோழர்கள் கூட்டத்தில் நாம் பேசியது)

தோழர்களே!

இன்றைய கூட்டத்தில் கடவுளைப் பற்றியோ, புராணங்களைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. பிறருடைய எழுத்துக்களையும் செய்திகளையும் திரட்டி, ஒரே இடத்தில் வைத்து, இணையத்தில் தளம் நடத்தும் தொழிலைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டிருக்கின்றீர்கள். "இது என்ன, சுயமரியாதைக்காரருக்குச் சம்பந்தமில்லாத வியாபார விஷயமாயிற்றே" என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் விஷயத்தின் உள்ளே புகுந்து பார்ப்போமானால், கோவில் வாசலில் நடக்கின்ற பயம், பரிகாரம், தரகு, மந்திரம் ஆகிய அத்தனையும் இந்தத் தொழிலிலும் அப்படியே நடந்து வருவதைக் காணலாம். ஆதலால் இது நமது வேலையேயாகும்.

இத்தொழிலில் இறங்க ஆசைப்படும் வாலிபத் தோழர்கள் நம்மிடம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். ஒன்று, காப்பிரைட் வழக்கு வராமல் நடத்துவது எப்படி? மற்றொன்று, கூகிள் போன்ற தேடும் யந்திரங்கள் நம்முடைய தளத்தைத் தள்ளி வைத்துவிடாமல் நடத்துவது எப்படி? கேள்விகள் நியாயமானவைதாம். ஆனால் கேட்கின்ற மாதிரியைப் பார்த்தால், சனி பிடிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டுமென்று ஜோசியனைக் கேட்கின்ற மாதிரியாக இருக்கின்றது. "என்ன வார்த்தையைப் போட்டால் தப்பலாம்? எத்தனை வரி எடுத்தால் குற்றமில்லை?" என்று கேட்கின்றார்களே ஒழிய, "நாம் எடுக்கின்ற பொருள் யாருடையது? அதில் நம் உழைப்பு எவ்வளவு?" என்று கேட்பவர்கள் வெகு சிலரேயாவார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். திரட்டுகின்ற வேலை இழிவான வேலை அல்ல. நம் நாட்டில் அறிவு என்பது ஒரு கூட்டத்தாரின் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. வேதத்தைக் காதால் கேட்டவனுக்கே தண்டனை எழுதி வைத்த தேசம் இது. அந்தப் பூட்டை உடைக்க வந்த நம் இயக்கம், எங்கெங்கோ சிதறிக் கிடந்த அறிவைத் தேடிப் பொறுக்கித் தமிழ் ஜனங்களின் கையில் கொடுத்தே வளர்ந்தது. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் லாகூர் மகாநாட்டுக்காகத் தயாரித்து, அங்கே பேச விடப்படாமல் 1936-இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட ஜாதி ஒழிப்பு உரையை, அதிக காலம் கழியுமுன்னரே "குடிஅரசு" தமிழில் வெளியிட்டது. இன்றைக்கும் ஒரு கிராமத்து விவசாயிக்கு வேண்டிய சர்க்கார் உத்தரவு ஒரு தளத்திலும், நெல் விலை வேறொரு தளத்திலும், அவன் நிலத்தைப் பாதிக்கும் கோர்ட்டுத் தீர்ப்பு மூன்றாவது இடத்தில் இங்கிலீஷிலும் கிடக்கின்றன. இவற்றைத் தேடிச் சேர்த்து, விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்லி, இன்ன இடத்திலிருந்து எடுத்தோம் என்று காட்டுகின்றவன் பெரிய உபகாரம் செய்கின்றவனேயாவான்.

ஆனால் திரட்டுகின்றவர்களில் இரண்டு ஜாதி உண்டு. இது பிறப்பால் வந்த ஜாதியல்ல, செய்கையால் வந்தது. ஒருவன் கைகாட்டி மரம் போன்றவன். இன்ன ஊருக்கு இன்ன வழி என்று காட்டுவான். மற்றொருவன் வழியில் நின்று வண்டியைத் தன் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போகின்றவன். ஒரு நிருபர் இரவெல்லாம் கண் விழித்து எழுதிய கட்டுரையை முழுதும் எடுத்துத் தன் தளத்தில் போட்டு, மேலும் கீழும் விளம்பரம் வைத்து, அதில் வரும் காசைத் தான் வாங்கிக் கொள்கின்றவன், பயிரிட்டவன் களத்துமேட்டில் நெல்லைக் குவித்தவுடன் தட்டை ஏந்திக்கொண்டு வந்து நிற்கும் புரோகிதனுக்கு எந்த விதத்தில் மேலானவன் என்று கேட்கின்றோம். புரோகிதனாவது வாயால் நாலு மந்திரம் சொல்லுகின்றான். இவன் இரண்டு பொத்தானை அமுக்குவதோடு சரி.

மந்திரங்கள்

மந்திரம் என்றவுடன் ஞாபகம் வருகின்றது. இந்தத் தொழிலிலும் மந்திரங்கள் உண்டு. ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதல் மந்திரம் "நன்றி" என்பது. பிறர் கட்டுரையை முழுதும் எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் "நன்றி" என்று போட்டு அந்தப் பத்திரிகையின் பெயரையும் எழுதிவிட்டால் பாவம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கின்றார்கள். பெயரைச் சொல்லுவது யோக்கியமான காரியந்தான். ஆனால் பெயரைச் சொல்லுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. ஒருவருடைய மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய், கழுத்தில் "நன்றி, இன்னார் மாடு" என்று அட்டை கட்டிவிட்டால் அது திருட்டாகாதா?

இரண்டாவது மந்திரம், "உரிமையை மீறும் எண்ணம் எமக்கில்லை" என்று கீழே ஒரு வரி எழுதி வைப்பது. இந்த வரியைக் கண்டு எந்தக் கோர்ட்டும் வழக்கைத் தள்ளுவதில்லை. 1957-ஆம் வருஷத்திய இந்தியக் காப்பிரைட் சட்டத்தில் இப்படி ஒரு விதிவிலக்கு எங்கும் கிடையாது. இதை எழுதுவதினால் நிச்சயமாக ஏற்படக்கூடிய பலன் ஒன்றே ஒன்றுதான். அதாவது, பொருள் பிறருடையது என்று நமக்கு முன்னமே தெரியும் என்பதற்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகும்.

மூன்றாவது, "இத்தனை வரி, நூற்றுக்குப் பத்துப் பாகம் எடுத்தால் குற்றமில்லை" என்னும் கணக்கு. எந்தப் பஞ்சாங்கத்தில் இந்தக் கணக்கு இருக்கின்றது என்று தெரியவில்லை. சட்டத்தில் இல்லை. நமது சட்டத்தின் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காகவும், நடப்புச் செய்திகளைத் தெரிவிப்பதற்காகவும், சொந்த ஆராய்ச்சிக்காகவும் நியாயமான அளவில் பிறர் எழுத்தைக் கையாள இடம் கொடுக்கின்றது. "நியாயமான அளவு" என்று சொல்லிற்றே ஒழிய வரிக்கணக்குச் சொல்லவில்லை. ஐரோப்பிய நீதிமன்றத்தில் 2009-இல் ஒரு வழக்கு நடந்தது. டென்மார்க்கில் பத்திரிகைகளை யந்திரத்தால் படித்து, தேடிய சொல்லையும் அதன் இரு பக்கமும் ஐந்தைந்து சொற்களையும் வெட்டி எடுத்து, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்து வந்தது இன்போபாக் என்னும் கம்பெனி. ஆக மொத்தம் 11 சொற்கள். அந்த 11 சொற்களில் எழுதியவனின் சொந்த அறிவு வேலை தெரியுமானால் அதுவும் பாதுகாப்புக்கு உட்பட்டதாகலாம் என்று அந்த நீதிமன்றம் சொல்லிற்று. இது நம் நாட்டுக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வரியை எண்ணித் தப்பலாம் என்று நினைக்கின்றவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

நான்காவது, சொல்லை மாற்றுகின்ற வித்தை. "சென்றான்" என்பதைப் "போனான்" என்று மாற்றுவதும், இப்பொழுது யந்திரத்தின் கையில் கொடுத்துக் கட்டுரையைத் திருப்பி எழுதச் சொல்லுவதும், இங்கிலீஷ் கட்டுரையைத் தமிழாக்கி விடுவதும் இதில் சேர்ந்தவை. தமிழாக்கினால் நம்முடையதாகிவிட்டது என்று நம் தோழர்களிலேயே பலர் நம்புகின்றார்கள். சட்டத்தின் 14-வது பிரிவு, மொழிபெயர்க்கும் உரிமையும் மாற்றி அமைக்கும் உரிமையும் எழுதியவனுக்கே என்று சொல்லுகின்றது.

ஐந்தாவது, "அவர்கள் காப்பிரைட் குறி போடவில்லை, ரிஜிஸ்டரும் செய்யவில்லை, ஆகையால் பொதுச் சொத்து" என்பது. இதுவும் பொய். எழுதி முடித்த உடனேயே உரிமை பிறந்துவிடுகின்றது. குறியும் வேண்டியதில்லை, ரிஜிஸ்டரும் கட்டாயமில்லை. படத்துக்கும் இதே நியாயந்தான். சொல்லப்போனால் கட்டுரையைவிடப் படத்தினால் வரும் தொல்லையே அதிகம். ஏனெனில் கட்டுரையைச் சுருக்கிச் சொந்த வார்த்தையில் எழுதலாம். படத்தைச் சுருக்கினாலும் அது அதே படந்தான்.

தோழர்களே, சட்டத்தின் 63-வது பிரிவில், தெரிந்தே உரிமையை மீறினவனுக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் எழுதப்பட்டிருக்கின்றன. வியாபார லாபத்துக்காகச் செய்யாத பட்சத்தில் கோர்ட்டார் காரணம் காட்டிக் குறைக்கலாம். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஐந்து மந்திரங்களும் இந்தப் பிரிவின் முன்னால் செல்லாக் காசுகள் என்பதற்காகவே சொல்லுகின்றோம்.

யாருக்கும் சொந்தமில்லாதவை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். திருடாதே என்று சொல்லுவது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் வீணாய்ப் பயப்படாதே என்று சொல்லுவதும். ஏனெனில் உரிமையின் பெயரைச் சொல்லிப் பொதுவான பொருளைத் தனதென்று மிரட்டுகின்ற கூட்டமும் உண்டு.

நடந்த சங்கதி எவனுக்கும் சொந்தமல்ல. ஆற்றில் வெள்ளம் வந்தது, சட்டசபையில் இன்ன மசோதா நிறைவேறிற்று, வெங்காயம் இன்ன விலைக்கு விற்றது என்பவைகளுக்குக் காப்பிரைட் கிடையாது. அதைச் சொல்லிய விதத்துக்குத்தான் உரிமை. கருத்துக்கும் உரிமை கிடையாது. இதை நமது உச்சநீதிமன்றம் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இலேயே தெளிவாக்கிவிட்டது.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வழக்கு நடந்தது. கான்சாஸ் மாகாணத்தில் ரூரல் என்னும் டெலிபோன் கம்பெனி, தன் வாடிக்கைக்காரரின் பெயர், ஊர், நம்பர் இவைகளை அகர வரிசையில் அச்சிட்டு வந்தது. பல பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரே புத்தகம் போட நினைத்த பைஸ்ட் என்னும் கம்பெனி அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை. கிடைக்காமலே எடுத்துப் போட்டது. ரூரல் கம்பெனியார் திருடனைப் பிடிப்பதற்காகவே சில பொய்ப் பெயர்களைத் தங்கள் புத்தகத்தில் விதைத்து வைத்திருந்தார்கள். ஒத்திருந்த 1,309 பெயர்களில் அப்படிப்பட்ட பொய்ப் பெயர்கள் 4 இருந்தன. காப்பி அடித்தது வெட்டவெளிச்சமாயிற்று. இருந்தும் 1991-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், பெயரும் நம்பரும் வெறும் உண்மைகள், அவைகளை அகர வரிசையில் அடுக்குவதில் சொந்த அறிவு வேலை ஒன்றுமில்லை, ஆகையால் உரிமையில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று.

நம் நாட்டில் இதைவிட நமக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்களைத் திரட்டிப் புத்தகமாய் வெளியிட்டு வந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனியார், அவைகளைக் கம்ப்யூட்டர்த் தகட்டில் போட்டு விற்றவர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2007 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது என்னவென்றால், தீர்ப்பின் மூலத்தை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், எழுத்துப் பிழை திருத்தி அச்சிட்ட உழைப்பு மாத்திரம் உரிமைக்குப் போதாது, ஆனால் கம்பெனியார் தம் அறிவைச் செலவிட்டு எழுதிய தலைக்குறிப்பும், தீர்ப்பைப் பத்தி பிரித்து எண்ணிட்டதும், எந்த ஜட்ஜ் ஒத்துப்போனார், எவர் மாறுபட்டார் என்று குறித்ததும் அவர்களுக்கே உரியவை என்பதாகும். திரட்டுகின்றவன் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதோடு, திரட்டுகின்றவனுக்கே எப்போது உரிமை பிறக்கின்றது என்பதும் இதில் அடங்கியிருக்கின்றது. அதாவது, குவித்தால் பிறப்பதில்லை. அறிவைச் செலவிட்டால் பிறக்கின்றது.

இன்னும் எடுக்கக்கூடியவை பல. அரசிதழில் வெளிவந்தவைகளையும், சட்டசபை முன் வைக்கப்பட்ட கமிட்டி அறிக்கைகளையும், கோர்ட்டு தடுக்காத தீர்ப்புக்களையும் வெளியிட 52-வது பிரிவே இடம் தருகின்றது. எழுதியவர் இறந்து 60 வருஷம் கழிந்த நூல்கள் பொதுவாகிவிடுகின்றன. 1992-க்கு முன் இது 50 வருஷமாயிருந்தது. டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1956-இல் மறைந்தார். ஆகையால் அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 ஜனவரி முதல் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்நூலுக்கு இக்காலத்தவர் ஒருவர் எழுதிய முன்னுரையும், அடிக்குறிப்பும், புதிய மொழிபெயர்ப்பும் பொதுவல்ல. சங்க நூல்களின் மூலமும் இப்படியே. மூலம் நமக்குப் பொது, நேற்று ஒரு புலவர் எழுதிய உரை அவருக்குச் சொந்தம்.

தமிழ்நாட்டில் சர்க்காரே சில ஆசிரியர்களின் உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கியிருக்கின்றது. 1949-இல் பாரதியார் எழுத்துக்களும், 1990-இல் பாரதிதாசன் எழுத்துக்களும், 1995-இல் அண்ணாதுரை எழுத்துக்களும் இப்படிப் பொதுவாயின. மதுரைத் திட்டம் என்னும் பெயரால் 1998 பொங்கல் முதல் தன்னார்வத் தோழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இனாமாகக் கொடுத்து வருகின்றார்கள். 2003 முதல் நடந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளையும் யாரும் எடுக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதிலிருந்து செய்ததையும் அதே நிபந்தனையின் பேரில் பிறருக்குத் திறந்துவிட வேண்டும். எடுக்கும்போது மாத்திரம் பொதுவுடைமை, கொடுக்கும்போது தனியுடைமை என்கின்ற பார்ப்பனீயம் அங்கே செல்லாது.

செய்தியைத் திரட்டுவது

செய்தித் தளம் நடத்துகின்றவர்களுக்கு இரண்டு பழைய கதைகளைச் சொல்லுகின்றோம்.

முதல் உலக யுத்தத்தின்போது, அமெரிக்காவில் இண்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் என்னும் செய்தி நிறுவனத்தாருக்கு ஐரோப்பியத் தந்திகள் மறுக்கப்பட்டன. அவர்கள் என்ன செய்தார்கள்? எதிரியான அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தாரின் செய்திகளை, கிழக்குக் கரையில் ஒட்டப்பட்ட செய்திப் பலகைகளிலிருந்தும், விடியற்காலைப் பதிப்புக்களிலிருந்தும் எடுத்து, மேற்குக் கரைக்குத் தந்தியடித்து விற்றார்கள். 1918-இல் உச்சநீதிமன்றம், செய்தியின் உண்மைக்குக் காப்பிரைட் இல்லையென்று ஒப்புக்கொண்டும், சூடு ஆறுமுன் எதிரியின் உழைப்பை எடுத்து விற்பது நியாயமற்ற போட்டி என்று தடுத்துவிட்டது. ஜட்ஜ் பிராண்டைஸ் மாறுபட்டு, வெளியாகிவிட்ட அறிவு பொதுவென்றே எழுதினார். இந்த இரண்டு அபிப்பிராயங்களுக்கும் இன்றுவரை சண்டை ஓயவில்லை.

இரண்டாவது, மெல்ட்வாட்டர் என்னும் கம்பெனியின் கதை. பத்திரிகைச் செய்திகளின் தலைப்பையும் ஆரம்ப வரிகளையும் வெட்டிச் சந்தாதாரருக்குக் கொடுத்து வந்தது. "நாங்கள் தேடும் யந்திரம், மூலத்துக்கு வழிகாட்டுகின்றோம்" என்று வாதாடிற்று. கணக்கைப் பார்த்தபோது, அந்த வழியாக மூலக் கட்டுரைக்குப் போனவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. 2013-இல் நியூயார்க் நீதிமன்றம் அவ்வாதத்தை ஒப்பவில்லை. ஆகவே கைகாட்டி என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது, வண்டி உண்மையில் அந்த ஊருக்குப் போகின்றதா என்று பார்க்க வேண்டும்.

நம் தமிழிலேயே நல்ல கைகாட்டி இருந்தது. 2004-இல் ஆரம்பித்த தமிழ்மணம் என்னும் திரட்டி, எழுதியவர்களின் தலைப்பையும் சில வரிகளையும் காட்டி, படிக்க வேண்டியவனை எழுதியவனின் வாசலுக்கே அனுப்பிற்று. அதனால் எத்தனையோ புது எழுத்தாளர்களுக்கு வாசகர் கிடைத்தார்கள்.

தேடும் யந்திரம் என்னும் தெய்வம்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இக்காலத்தில் தளம் நடத்துகின்றவர்களுக்கு ஒரு புது தெய்வம் ஏற்பட்டிருக்கின்றது. அதற்குக் கோபம் வந்தால் தளம் காணாமற்போகுமாம். அதன் மனதை அறிந்த பூசாரிகள் இருக்கின்றார்களாம். அவர்களுக்குத் தட்சணை கொடுத்தால், இன்ன வார்த்தையை இத்தனை தரம் எழுது, இன்ன நாளில் இத்தனை கட்டுரை போடு என்று பரிகாரம் சொல்லுவார்களாம். முதலிடம் நிச்சயம் என்று வாக்குத் தருகின்றவர்களும் உண்டு. பிள்ளை வரம் தருகின்ற சாமியாருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

யந்திரம் தெய்வமல்ல. மனிதன் செய்தது. அது செய்கின்ற வேலை மூன்று. தளங்களைச் சுற்றி வந்து படிக்கின்றது, படித்ததைப் புத்தகசாலைக் கணக்கன்போல் பதிந்து வைக்கின்றது, ஒருவன் கேட்கும்போது எது அதிகம் உபயோகப்படுமென்று கணித்து வரிசைப்படுத்துகின்றது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

"ஒரே கட்டுரை இரண்டு தளத்தில் இருந்தால் கூகிள் தண்டிக்கும்" என்பது ஒரு பெரிய பயம். அந்தக் கம்பெனியாரே 2008-இல் பகிரங்கமாய் எழுதிவிட்டார்கள், ஏமாற்றும் எண்ணமில்லாதவரை அதற்காகவே தண்டனை என்று ஒன்றில்லை என்று. பின் என்ன நடக்கின்றது? ஒரே மாதிரி பத்துப் பக்கங்கள் இருந்தால் அவைகளில் ஒன்றைத் தேர்ந்து காட்டுகின்றது. அது சாதாரணமாய் மூலமாயிருக்க வேண்டியது. காப்பியைக் காட்டுவதற்குக் காரணமென்ன இருக்கின்றது? ஆகவே காப்பி மாத்திரமே வைத்திருக்கின்ற தளம் மறைந்து போவது சாபத்தினால் அல்ல, அதனிடம் புதிதாய் ஒன்றும் இல்லாததினால்தான்.

ஆனால் உண்மையான நடவடிக்கைகளும் உண்டு. அவைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 பிப்ரவரியில் கூகிள் தன் கணக்கு முறையை மாற்றி, பிறரைப் பார்த்து எழுதிய தளங்களையும் சரக்கில்லாத தளங்களையும் கீழே தள்ளிற்று. அமெரிக்காவில் நடந்த தேடல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 12-இல் வரிசை மாறிற்று. 2012 ஆகஸ்டு முதல், ஒரு தளத்தின்மீது காப்பிரைட் புகார்கள் சரியானவையாய் நிறைய வந்தால் அதையும் வரிசைக் கணக்கில் சேர்க்கத் தொடங்கிற்று. 2024 மார்ச்சில், வரிசையில் மேலே வருவதற்காகவே ஏராளமான பயனற்ற பக்கங்களைக் குவிப்பதை, அதை மனிதன் செய்தாலும் யந்திரம் செய்தாலும், குற்றமாக எழுதி வைத்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வி என்பது விளங்கும். எழுதியவனுக்கு அநியாயம் செய்கின்றவன்மீது புகார் வருகின்றது, புகார் வந்தால் வரிசையில் இறங்குகின்றான். படிக்கின்றவனுக்குப் புதிதாய் ஒன்றும் தராதவன் தானாகவே இறங்குகின்றான். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், அது சொந்த உழைப்பு.

செய்ய வேண்டியது

ஆகவே தளம் நடத்த விரும்புகின்றவர்களுக்கு நாம் சொல்லுவது இது.

பிறர் எழுத்தை முழுதும் வெளியிட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்த கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராமலிருப்பது அனுமதியாகாது. 1922-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை, பிறர் கட்டுரைகளைச் சுருக்கி வெளியிட்டே உலகமெங்கும் பரவிற்று. அது அனுமதி பெற்றே ஆரம்பித்தது, வளர்ந்தபின் பணமும் கொடுத்தது.

அனுமதி பெற்று முழுதும் போடும் பக்கத்தில், தேடும் யந்திரம் அதைப் பதிய வேண்டாம் என்னும் குறிப்பை வையுங்கள். மூலம் முன்னே நிற்கும், சிநேகமும் கெடாது.

அனுமதியில்லாத இடத்தில் தலைப்பைச் சொல்லி, சங்கதியைச் சொந்த வார்த்தையில் இரண்டு மூன்று வரியில் எழுதி, எழுதியவர் பெயரையும் மூலத்துக்கு வழியையும் அடியில் ஒளிக்காமல் மேலேயே வையுங்கள். ஒரே பத்திரிகையைப் பார்த்து எழுதாமல், நான்கு இடத்தில் பார்த்து, ஒன்றுக்கொன்று மாறுபடுவதை எடுத்துக் காட்டுங்கள். அந்த மாறுபாட்டைக் காட்டுவதுதான் பகுத்தறிவுக்காரனின் திரட்டு.

படத்தை அனுமதியின்றித் தொடாதீர்கள். உங்கள் கையிலுள்ள டெலிபோனிலேயே படமெடுக்கலாமே!

1994 முதல் தள உரிமையாளர்கள், யந்திரங்கள் எந்தப் பக்கத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு சிறு குறிப்பு வைக்கும் வழக்கம் இருக்கின்றது. உங்கள் யந்திரம் அதைப் படித்து அடங்கி நடக்கட்டும். புகார் சொல்ல ஒரு விலாசம் வையுங்கள். நியாயமான புகாரானால் உடனே எடுத்துவிடுங்கள். நியாயமில்லாத மிரட்டலானால் சட்டப் பிரிவைக் காட்டிப் பதில் எழுதுங்கள்.

கடைசியாக, ஒரு கம்பெனியின் தயவையே நம்பி வாழாதீர்கள். ஸ்பெயின் தேசத்தில் செய்தித் துணுக்குகளுக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்று சட்டம் வந்தபோது, கூகிள் 2014 டிசம்பரில் தன் செய்திப் பகுதியையே அங்கே மூடிவிட்டது. 2022 ஜூனில்தான் திறந்தது. பெரிய கம்பெனியின் கதவு அதன் சௌகரியத்துக்குத் திறக்கும், அதன் சௌகரியத்துக்கு மூடும். ஆகையால் உங்களை நேரே தேடி வரும் வாசகர்களைச் சம்பாதியுங்கள். 500 பேர் ஆனாலும் அவர்கள் உங்கள் வாசகர்கள்.

ஓர் ஆக்ஷேபணை

இங்கே சில தோழர்கள், "நீங்கள் சமதர்மம் பேசுகின்றவர்களாயிற்றே, அறிவுக்கு மாத்திரம் தனியுடைமை உண்டா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. எழுதியவன் இறந்து 60 வருஷம் வரை உரிமை என்பது அதிகம் என்பதே நமது அபிப்பிராயம். அதனால் லாபமடைவது பெரும்பாலும் எழுதியவனல்ல, வெளியிடும் முதலாளியே. அதை மாற்றச் சட்டசபையிலும் மேடையிலும் பகிரங்கமாகக் கிளர்ச்சி செய்வோம். ஆனால் அந்தச் சாக்கைச் சொல்லிக்கொண்டு, ஒரு சிறு பத்திரிகையின் நிருபர் பஸ் ஏறித் தாலுக்கா ஆபீசுக்குப் போய், காத்துக் கிடந்து, அதிகாரியிடம் திட்டு வாங்கிக் கொண்டுவந்த செய்தியை அப்படியே எடுத்து நாம் காசாக்கிக் கொள்ளுவது சமதர்மமாகாது. அது உழைப்பவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்கின்ற பழைய வருணாசிரமமேயாகும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் தெருவுக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டால் அங்கே போய்ப் பார்த்து எழுதுகின்றவன் யார்? பெரும்பாலும் வரும்படியில்லாத சிறு பத்திரிகைக்காரனேயாவான். அவன் எழுத்தைத் திரட்டுகின்றவர்களே தின்றுவிட்டால் அவன் பத்திரிகையை மூடிவிடுவான். அப்புறம் திரட்டுவதற்கு என்ன இருக்கும்? அதிகாரி கொடுக்கும் அறிக்கையும், முதலாளி கொடுக்கும் விளம்பரமும், மடாதிபதி கொடுக்கும் ஆசியுந்தான் இருக்கும். அதைத் திரட்டி ஜனங்களுக்கு என்ன லாபம்?

ஆகையால் தோழர்களே! தளத்தைத் தைரியமாய் ஆரம்பியுங்கள். பொதுவானதைக் கூச்சமில்லாமல் எடுங்கள். பிறருடையதைக் கேட்டு எடுங்கள். எடுத்ததோடு உங்கள் அறிவையும் சேர்த்துக் கொடுங்கள். மந்திரத்தையும் பூசாரியையும் இதிலும் நம்பாதீர்கள். நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாமல், சட்டத்தை எடுத்துப் பிரிவைப் படித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி இதை முடித்துக்கொள்ளுகின்றோம்.